மூக்குக்குத் தெரிந்த வேதியியல்

"நாறாதா?" வீட்டிலேயே உரம் போடப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டுக்குள்ளிருந்தும் எதிர் ஃபிளாட்டிலிருந்தும் வருகிற முதல் கேள்வி இதுதான். எலி வருமா, புழு வருமா என்பதெல்லாம் அப்புறம். நியாயமான கேள்விதான். தெருமுனைக் குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு, அதையே பால்கனியில் கொண்டுவந்து வைப்பது விபரீத ஆசையாகத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் ஆர்வத்தோடு நீட்டிப் பாருங்கள். எது நாறும், எப்போது நாறும், ஏன் நாறும்? காய்கறித் தோல் உரமாகிற கதையின் பாதி வேதியியல் அதற்குள் வந்துவிடும். வெப்பமானி வேண்டாம், கடையில் விற்கிற நுண்ணுயிர்ப் பொட்டலமும் வேண்டாம். மூக்கு போதும்.

ஏற்பாடும் பெரிதில்லை. மூடியுள்ள பழைய பெயின்ட் வாளி, அடியிலும் பக்கவாட்டிலும் சூடான கம்பியால் போட்ட ஓட்டைகள், கசிவைப் பிடிக்க ஒரு தட்டு. மண்தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும். அன்றன்று சேரும் தோலையும் காம்பையும் போட்டு, மேலே அதே அளவோ கொஞ்சம் கூடுதலாகவோ காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்க்கழிவைத் தூவ வேண்டும். சோறு, மீன் முள், எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு மிச்சம் ஆகியவற்றை முதல் சில மாதம் தள்ளி வையுங்கள். எலியை அழைப்பவை அவைதான். புளித்த மோர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம், ஊற்றாவிட்டாலும் குறையில்லை. வேண்டிய நுண்ணுயிரிகள் தோலிலும் சருகிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன.

சருகு எதற்கு? இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு நுண்ணுயிரி 30 பங்கு கார்பனைத் தின்றால், ஏறக்குறைய 20 பங்கை எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். அது கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். மீதிப் 10 பங்கு உடம்பு கட்ட. அந்த உடம்புக்கு 1 பங்கு நைட்ரஜன் தேவை. உரக்குழிக்கு 30க்கு 1 என்று புத்தகங்கள் சொல்லும் விகிதத்தின் பின்னணி இதுதான். நம் அடுக்களைக் கழிவில் இந்த விகிதம் சுமார் 15 முதல் 20 வரைதான் இருக்கும்; அதாவது நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலையில் 50க்கு மேல், நார்க்கழிவில் 100ஐ ஒட்டி. இரண்டையும் கலந்தால் கணக்கு ஓரளவு நேராகிவிடும். யாரும் தராசு வைத்து நிறுக்க வேண்டியதில்லை. தவறினால் மூக்கு சொல்லும்.

மூடியைத் திறந்ததும் பேருந்து நிலையக் கழிப்பறை போல கண்ணைக் கரிக்கிறதா? அது அம்மோனியா. உடம்பு கட்டியது போக மிஞ்சிய நைட்ரஜனை நுண்ணுயிரிகள் வெளியேற்றுகின்றன. சருகு போதவில்லை என்று பொருள். செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து காற்றோடு போகிறது என்றும் பொருள். ஆகவே சருகு போடுவது மூக்குக்காக மட்டும் செய்கிற காரியமில்லை.

அழுகிய முட்டை வாடை வந்தால் கதை வேறு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளரித் தோலிலும் பூசணிக் குடலிலும் எடையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர்தான். அந்த நீர் இறங்கி அடியில் தேங்கினால் இடைவெளிகளெல்லாம் அடைபட்டு ஆக்சிஜன் தீர்ந்துபோகும். காற்றில் வாழ்பவை ஒதுங்க, காற்றில்லாமல் வாழ்பவை பொறுப்பேற்கும். அவற்றில் சில, ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்ஃபேட்டைக் கொண்டு 'சுவாசிக்கும்'. அதன் கழிவுதான் இந்த வாடை. மருந்து வாசனைத் திரவியமில்லை, ஒரு குச்சி. அடிவரை கிளறி, காய்ந்த சருகைக் கலந்து, ஓட்டை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வாடை அடங்கிவிடும். தெருத் தொட்டி நாறுவதற்கும் இதே காரணம்தான்: ஈரம், நெருக்கம், காற்றின்மை. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பை மலைகளாகக் குவிந்தபோது ஆழத்தில் நடந்ததும் காற்றில்லாச் சிதைவுதான். அங்கே பிறக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவில் பூமியைச் சூடாக்கும்.

முதல் வாரத்தில் மட்டும் லேசான புளிப்பு வாடை வருவது இயல்பு. சர்க்கரையும் மாவுப்பொருளும் முதலில் உடைந்து அமிலமாகின்றன. பிறகு அந்த அமிலத்தையே வேறு நுண்ணுயிரிகள் தின்றுவிடும். பதற வேண்டாம்.

சரி, புழு. சாம்பல் நிறத்தில், தட்டையாக, விரற்கணு நீளத்தில் நெளிகிற கூட்டம் ஒருநாள் தென்படும். பலர் அன்றோடு வாளியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. வளர்ந்த ஈ குளவிபோல இருக்கும். கடிக்காது, கொட்டாது, நம் சாப்பாட்டில் உட்காரும் பழக்கமும் இல்லை. வீட்டு ஈ முட்டையிடுவதை இந்தப் புழுக்கள் குறைக்கின்றன. தின்று முடித்ததும் கறுத்து, தானாகவே தொட்டியைவிட்டு ஏறி வெளியேறும். தரையில் ஊரும்போது பார்த்தால் அருவருப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. தடிமனாகச் சருகு மூடினால் அவற்றின் எண்ணிக்கை குறையும்.

இரண்டு மூன்று மாதத்தில் தொட்டியின் வாடை மாறுகிறது. மாடித் தோட்டக்காரர்கள் ஒரு பிடி உரத்தை அள்ளி அநியாயத்துக்கு முகர்ந்து பார்ப்பார்களே, அந்தக் கட்டம். முதல் மழையின் மண்வாசனை. அதற்கு முக்கியக் காரணமான பொருள் ஜியோஸ்மின். 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷவாலியேவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரில் லட்சம் கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே நம்மில் பலர் மோப்பம் பிடித்துவிடுகிறோம். பீட்ரூட்டின் மண்வாடையும் இதுதான். விரால், கெண்டை போன்ற நன்னீர் மீன்களில் அடிக்கும் சேற்று வாடைக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமில்லாத வேறு பொருளாக உடையும். குளத்து மீனுக்குக் கூடுதலாகப் புளி கரைத்த பாட்டிமார்கள் வேதியியல் படித்தவர்கள் இல்லை, ஆனால் விடையைச் சரியாகப் போட்டுவிட்டார்கள்.

ஜியோஸ்மினை மண்ணில் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம். முற்றிய உரத்தில் சாம்பல் பூத்தது போல வெள்ளை இழைகள் தெரிந்தால், அதில் இவர்களுக்கும் பங்குண்டு. மரத்தன்மையுள்ள கடினமான பொருள்களைப் பூஞ்சைகளோடு சேர்ந்து மெல்ல உடைப்பவர்கள் இவர்கள். காசநோய்க்கு முதல் பலனுள்ள மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் இதே குடும்பத்திலிருந்துதான் கிடைத்தது. அதுவும் ரட்கர்ஸில்தான், ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மன் ஆகியோரின் ஆய்வில். இந்தப் பாக்டீரியாவுக்கு மணம் எதற்கு? 2020இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. ஸ்பிரிங்டெயில் என்ற, எம்பிக் குதிக்கும் நுண்ணிய உயிர்களை அந்த மணம் இழுக்கிறது. அவை வந்து மேய்ந்துவிட்டு, பாக்டீரியாவின் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டும் எச்சத்திலும் ஊரெல்லாம் பரப்புகின்றன. நாம் ரசிப்பது யாருக்கோ எழுதிய கடிதத்தை.

பாடநூல் உரக்குழிக்கும் பால்கனி வாளிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து வகுத்த இந்தூர் முறையில் பெரிய குவியல்கள் உள்ளுக்குள் கொதிக்கும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். அந்தச் சூடு தங்க ஏறக்குறைய ஒரு கன மீட்டர் குவியல் வேண்டும். வாளியில் பிறக்கும் வெப்பம் சுவர் வழியே உடனே ஓடிவிடும். கை வைத்தால் கதகதப்பு, அவ்வளவே. இதனால் ஒரு நஷ்டம்: நோய் பிடித்த செடியை வாளியில் போடக்கூடாது. ஒரு லாபம்: விதைகள் பிழைத்துக்கொள்கின்றன. உரம் போட்ட ரோஜாத் தொட்டியில் தக்காளி நாற்று கூட்டமாக எழும்பும். தக்காளி விதையைச் சுற்றிய வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நொதித்தலில் அந்த உறை கரைந்துபோகும். விதை சேகரிப்பவர்கள் தக்காளிச் சாற்றைப் புளிக்க வைப்பது இதற்காகத்தான். உங்கள் வாளி கேட்காமலே அதைச் செய்து கொடுத்துவிடுகிறது. என் கணக்கில், காய்கறித் தோட்டம் தொடங்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. விதை வாங்கவே தேவையில்லை. தக்காளி, பூசணி, பப்பாளி தாமாக வந்து நிற்கும்.

அவசரம் மட்டும் கூடாது. அரைகுறையாக மட்கிய உரத்தைத் தொட்டியில் கலந்தால், மிச்சக் கார்பனைத் தின்னும் நுண்ணுயிரிகள் அதற்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். செடி வெளுத்து நிற்கும். 'உரம் போட்டும் வளரவில்லை' என்ற புலம்பலின் பின்னால் பல சமயம் இதுதான். சோதிக்க, ஈரமான உரத்தைக் காற்றுப் புகாத பையில் நாலைந்து நாள் கட்டி வைத்துத் திறந்து முகருங்கள். மண்வாசனை இருந்தால் தயார். துர்வாடை என்றால் இன்னும் ஒரு மாதம். சலித்து, செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு என்று குரோ பேக்கை நிரப்பலாம்.

அதன்பின் தோட்டம் தன் வகுப்பை நடத்தும். கத்தரிப் பூவின் மகரந்தப் பை பக்கவாட்டில் பிளக்காது. நுனியில் ஊசித் துளை மட்டும். பெரிய கருவண்டு பூவைக் கவ்விப் பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அந்த 'ஙொய்ங்' ஓசையின் சுருதி பறக்கும் ஓசையிலிருந்து வேறுபடுவதைக் காதால் கேட்கலாம். நம் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. புடலைப் பூ அந்தி சாய்ந்த பின் விரியும், விளிம்பெல்லாம் வெள்ளை நூல். அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. எட்டாவது மாடிக்கு அந்துப்பூச்சி வராவிட்டால், ஆண்பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண்பூவில் நீங்களே ஒற்றிவிடலாம். சித்திரை வெயிலில் தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தால் உங்கள் கைராசியை நொந்துகொள்ளாதீர்கள். இரவு வெப்பம் இறங்காவிட்டால் அதன் மகரந்தம் சரியாக உருவாகாது.

இதில் பணம் மிச்சமா? உண்மையைச் சொன்னால், நாலு குரோ பேக்கில் காய்க்கிற வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கோயம்பேட்டுச் சந்தை விலையை வெல்லாது. கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாயில் வேண்டுமானால் கொஞ்சம் கட்டுப்படியாகும். மண்ணில் கைவைத்தால் மனச்சோர்வு போய்விடும் என்ற பேச்சும் உலவுகிறது. அதன் பின்னணியில் ஒரு மண் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு இருக்கிறது. எலியிலிருந்து மாடித் தோட்டத்துக்குத் தாவ அது போதாது. வண்டின் சுருதியைக் கேட்பதில் கிடைக்கும் சந்தோஷத்துக்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது வாளியை அல்ல, சருகை. தோல் தினமும் கிடைக்கும். சருகுக்குப் பருவம் உண்டு. தையிலிருந்து பங்குனிவரை தெருவோர வாதுமையும் அரசும் புங்கையும் இலை உதிர்க்கும். பெருக்கிக் குவித்ததைப் பல இடங்களில் கொளுத்திவிடுகிறார்கள். தூய்மைப் பணியாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் இரண்டு கோணி சேர்வது சிரமமில்லை. சித்திரையில் வாளியைத் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்கு உரம் கைக்கு வரும். வாதுமை இலை தடிப்பு. நொறுக்கித்தான் போட வேண்டும். புங்கையை அப்படியே போடலாம்.