பட்டாளத்து டாக்டரும் என் பூவன் தோட்டமும்



திருவளர்சோலையைத் தாண்டி, கல்லணை ரோட்டை ஒட்டி எனக்கு ஒன்றேகால் ஏக்கர் பூவன் வாழை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் வண்டல் மண். இதற்கு முன் 22 வருசம் பட்டாளத்தில் இருந்தேன். லக்னோவில் பயிற்சி முடித்து நர்சிங் அசிஸ்டென்ட். அதில் பாதிக்காலம் ஆக்ராவில், 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே கூடாரம் அடித்து, காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்க்கிற பிரிவு அது.

விவசாயப் புத்தகத்தில் பட்டாளத்துக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். வாழைக்கு வந்த முடிக்கொத்து நோயை எப்படிச் சமாளித்தாய் என்று கூட்டத்தில் கேட்டார்கள். அதைச் சொல்லப் போனால் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அவர் பெயர் ஏ. ஜி. ரங்கராஜ். யூனிட்டில் சேர்ந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டதும் "நம்ம ஸ்ரீரங்கத்துக்காரரா இருக்கும்"னு நினைத்துக்கொண்டேன். இங்கே தெருவுக்கு நாலு ரங்கராஜன் உண்டே! ஆனால் அவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941இல் டெல்லியில் இந்திய பாராசூட் படையை ஆரம்பித்தபோது, முதன்முதலில் குதித்த இந்தியர்கள் இரண்டு பேர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங் ஒருவர், பட்டாலியன் டாக்டரான இவர் இன்னொருவர். பயிற்சியில் ஐந்து தடவை குதித்தால்தான் நெஞ்சில் சிறகு குத்துவார்கள். முதல் தடவை விமானக் கதவு ஓரத்தில் நிற்கும்போது எனக்குக் கால் நடுங்கியது. எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர் குதித்துக் காட்டியிருந்தார்கள். அவருக்கு முன்னால் குதித்த இந்தியர் யாருமே இல்லை.

1950 நவம்பரில் லெப்டினென்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் எங்கள் யூனிட் கொரியா போனது. நேரு அரசு சண்டைக்கு ஆள் அனுப்பவில்லை, வைத்தியத்துக்கு மட்டும் அனுப்பியது. போன கையோடு பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டியதாகிவிட்டது. லாரி கிடையாது. மருத்துவச் சாமான்களைப் போட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகக் கை மாற்றித் தண்ணீர் ஊற்றி, நீராவி ஏற்றி, சாமானோடு வெளியேறினார்கள். இந்தக் கதையைச் சொல்லாமல் யூனிட்டில் எந்த விழாவும் முடியாது.

அடுத்த மார்ச் 23ஆம் தேதி, 1951. முன்சான்னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187ஆவது பாராசூட் படை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு வானத்திலிருந்து இறங்கியது. அவர்களோடு நம் ஆட்கள் பன்னிரண்டு பேர், ரங்கராஜும்தான், மருந்துப் பெட்டியோடு குதித்தார்கள். குதித்த இடத்திலேயே அறுவைச் சிகிச்சை. நம் அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய பட்டாளக் கதை இல்லை, அதற்குப் பிற்பாடு நடந்தது. அவர் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கிற வேலையில் இறங்கினார். என் அப்பாயி முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அதனால் இதை மட்டும் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தச் சமயத்தில் பெரியம்மை ஒழிப்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. அதுவரை ஜனங்கள் எல்லாருக்கும் ஊசி போட்டுவிட்டால் போதும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். எவ்வளவு போட்டாலும் எங்கேயோ விட்டுப்போனது, நோயும் நின்றது. பிறகு, அம்மை கண்ட ஆள் எங்கே என்று தேடு, அவரைத் தனியாக வை, அவரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு உடனே ஊசி போடு என்று வழியை மாற்றினார்கள். கேட்க லேசு. ஆப்கானிஸ்தானில் பனி மூடிய மலைப்பாதை, வெளியாளுக்குப் பெண்களைக் காட்டாத வீடுகள். போதாததற்கு, அம்மைப் பொருக்கை எடுத்து அடுத்தவர் தோலைக் கீறி ஏற்றும் பழைய வைத்தியர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அதிலிருந்தே புதிதாக நோய் கிளம்பும். அவர்களையும் தேடிப் பிடித்து நிறுத்த வைக்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அங்கே பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

இனி என் தோட்டத்துக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பி, ரசாயனத்தை விட்டு மூன்றாவது வருசம். ஒரு வியாபாரியிடம் கன்று வாங்கி 1,200 நட்டேன். நாலாம் மாசம் சில மரங்களில் புது இலை விரியாமல், குட்டையாகி, கொண்டையில் கொத்தாக நின்றது. இலைக் காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரும்பச்சையில் புள்ளியும் கோடும். தந்திக்காரன் மோர்ஸ் அடித்த மாதிரி இருந்தது. படித்தவர்களும் இதை மோர்ஸ் கோடு என்றுதான் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. முடிக்கொத்து நோய் வைரஸ். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது, குலையும் உருப்படியாக வராது. கன்று வழியாக வரும். வந்தபின் அசுவினிப் பூச்சி பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும். விருப்பாச்சி மலைவாழை கீழ்ப்பழனி மலையில் அழிந்தது பெரும்பாலும் இதனால்தான்.

மருந்துக் கடையில், "பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தோட்டம் முழுக்க அடிங்க" என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு நாள் எனக்கும் சபலம் இருந்தது. கடன் வாங்கி நட்ட கன்று. பக்கத்துத் தோட்டத்து மாமா வேறு, "ஏன் மாப்ள, உங்க பஞ்சகவ்யா வைரஸைப் புடிக்கலையா?" என்று சிரித்தார். பிடிக்காதுதான். பஞ்சகவ்யா மரத்துக்குத் தெம்பு கொடுக்கும், வைரஸை விரட்டாது. அப்படி விரட்டும் என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்போதுதான் டாக்டர் நினைவுக்கு வந்தார். நோய் மரம் எங்கே என்று தேடு, அதைச் சுற்றி வேலி போடு.

வாரத்துக்கு இரண்டு நடை, ஒவ்வொரு மரத்தின் காம்பையும் பார்த்தேன். சந்தேகமானதில் துணி கட்டினேன். நோய் உறுதியான மரத்தை உடனே வெட்டக் கூடாது. வெட்டினால் அசுவினி பறந்து அடுத்ததில் உட்காரும். முதல் நாள் சாயங்காலம் பத்து லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, குருத்துக்குள்ளும் மட்டை இடுக்கிலும் நனையும்படி அடித்தேன். சுற்றி உள்ள எட்டு மரத்துக்கும் அப்படியே. மறுநாள் கிழங்கோடு, பக்கக்கன்று ஒன்று விடாமல் தோண்டி, அங்கேயே துண்டாக்கிக் காயப்போட்டேன். கிழங்கில் துண்டு மிஞ்சினால் அதிலிருந்து நோய்க்கன்று முளைக்கும். அசுவினியை எறும்பு காவல் காக்கும் என்பதால் எறும்பு ஏறும் மரத்தில் கூடுதல் கண் வைத்தேன். அந்த வருசம் மொத்தம் 61 மரம் போனது. பூ தள்ளியதைத் தோண்டும்போது வயிறு எரிந்தது.

இருந்தும் வரப்போரத்தில் புதுசு புதுசாக வந்துகொண்டே இருந்தது. மாமா தோட்டத்தில் நோய் மரங்கள் அப்படியே நின்றன. நாம் ஒரு பக்கம் பிடுங்கி என்ன செய்ய? நேரில் போனேன். குறை சொல்லப் போகவில்லை, அவர் மரத்தின் காம்பு ஒன்றை ஒடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளா உரம் பத்தலைன்னுல்ல மாப்ள நினைச்சேன்?"

மறுநாள் கடப்பாரையோடு நானும் போனேன். அவர் தோட்டத்தில் மட்டும் 43.

இப்போது ஆறு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து சனிக்கிழமை காலையில் நடக்கிறோம். வெளியே கன்று வாங்குவதில்லை. நோயில்லாத தாய்மரத்தில் ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்கிறோம். நோய் முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. அம்மைக்கு மனுசனை விட்டால் போக்கிடம் கிடையாது. அசுவினிக்குச் சிறகு இருக்கிறது. போன சனிக்கிழமைகூட கொள்ளிடக்கரைப் பக்கம், தென்னை மறைவில் ஒன்று நின்றது. மாமாதான் முதலில் பார்த்தார். சாயங்காலம் வேப்பெண்ணெய் அடித்தோம், ஞாயிற்றுக்கிழமை தோண்டியாயிற்று.