ரோலர் கோஸ்டர் வேண்டாம் என்கிறாரா உங்கள் வீட்டு டீன் ஏஜ் பிள்ளை? தீம் பார்க் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

விடுமுறை நாளில் எந்தத் தீம் பார்க்குக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரிய ரைடு ஒன்றின் வாசலுக்கு எதிரே மர நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதில் ஐந்து ஜோடி செருப்பு, மூன்று செல்போன், ஈரத் துண்டுகள், பாதி தீர்ந்த தண்ணீர் பாட்டில். இவற்றுக்கு நடுவே 14, 15 வயதில் ஒரு பிள்ளை. சித்தப்பா பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் மேலே கத்திக்கொண்டிருக்க, இங்கே இவருக்குப் பை பார்த்துக்கொள்ளும் வேலை. பக்கத்தில் முட்டிவலியோடு பாட்டி.

காலை 11 மணிக்கு உட்கார்ந்தால் மாலை 5 மணி வரை அதே பெஞ்ச்தான். நடுநடுவே யாராவது வந்து, "இவ்ளோ காசு குடுத்து டிக்கெட் வாங்கினது இங்க உக்காரவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சில வீடுகளில் அப்பா கையைப் பிடித்து இழுத்துப்போய் வரிசையில் நிறுத்திவிடுவதும் உண்டு. ஏறி இறங்கிய பிள்ளை அன்று முழுக்க யாரோடும் பேசாது. அடுத்த வருஷம் 'டூர் போகலாமா?' என்றால், 'எனக்கு டியூஷன் இருக்கு' என்று பதில் வரும்.

சென்னைக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இப்போது பக்கத்திலேயே வந்துவிட்டது. பெரிய ரைடுகளுக்காக பெங்களூரு, கொச்சி என்று போன காலம் மாறி, திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டிருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, கால்கள் அந்தரத்தில் தொங்கும் ரோலர் கோஸ்டர்தான் அங்கே பிரதான ஈர்ப்பு. வகுப்பில் பாதிப்பேர் போய்வந்து கதை சொல்லும்போது, 'எனக்கு அது வேண்டாம்' என்று சொல்ல ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டித்தான் இருக்கிறது.

எல்லாம் பயம்தானா?

'பயப்படுறான்' என்று வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால், ரைடு வேண்டாம் என்பதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் இருக்கலாம். உயரம் சிலருக்கு ஆகாது. உயரத்தில் பிரச்சினை இல்லாமல், சுற்றினால் மட்டும் குமட்டல் வருபவர்கள் உண்டு. சிலருக்கு வயிற்றில் 'ஜிவ்' என்று காலியாகும் அந்த உணர்வு பிடிப்பதில்லை. இருட்டான குழாய்க்குள் போக முடியாதவர்களும், தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பியைத் தாங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத காரணங்களும் உண்டு. பவர் அதிகமான கண்ணாடி போடும் பிள்ளை, அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும் என்றதும் தயங்கும். சுற்றிலும் எல்லாமே மங்கல். எங்கே திரும்பப்போகிறது என்பதே தெரியாது. தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தி உடை கூடாது, நைலான் அல்லது லைக்ரா உடைதான் வேண்டும் என்பது பெரும்பாலான பூங்காக்களின் விதி. உடம்போடு ஒட்டும் அந்த உடையில் சொந்தக்காரர்கள் முன்னால் நடக்க 14 வயதுப் பெண்ணுக்கோ, உடல் பருமனான பையனுக்கோ கூச்சமாக இருக்கும். மாதவிடாய் நாளாக இருந்தால், பெரியப்பா குடும்பமும் வந்திருக்கும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது? 'எனக்கு மூடு இல்ல' என்று சொல்லித் தப்பிப்பதுதான் எளிது. அதையும் நாம் பயம் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். 'ஏன் பயப்படுற?' என்றால் பிள்ளை மறுக்கத்தான் செய்யும். 'உயரம் பிடிக்கலையா, சுத்துறது பிடிக்கலையா?' என்றால் பதில் வரும். அதுவும் கிளம்பும் நாளில் காரில் எல்லார் முன்னாலும் கேட்காமல், ஒரு வாரம் முன்பே தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

சுற்றினால் குமட்டுவது மனக்கோழைத்தனம் அல்ல. நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் தலை திரும்பும்போது அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. வேகமாகச் சுற்றிச் சட்டென்று நின்றால், உடம்பு நின்ற பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடும். கண், 'நின்றாயிற்று' என்கிறது. காதோ, 'இன்னும் சுற்றுகிறது' என்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவுதான் கிறுகிறுப்பும் வாந்தியும். மலைப்பாதையில் பேருந்தில் போனால் சிலருக்கு வாந்தி வருவதும் இதனால்தான். ஏற்காடு, கொடைக்கானல் போகும்போது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் பிள்ளைக்கு ராட்டின வகை ரைடுகள் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். நேர்க்கோட்டில் ஏறி இறங்கும் ரைடுகள் அதே பிள்ளைக்குப் பிரச்சினை இல்லாமலும் போகலாம்.

இங்கே பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'பெரிய ரைடு வேண்டாம், பாவம், அந்தத் தியேட்டருக்குள்ள உக்காரட்டும்' என்று 5டி அரங்குக்கோ, கண்ணில் மாட்டும் வி.ஆர். ரைடுக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே கண் பார்ப்பது அதிவேகம், உடம்பு இருப்பதோ நாற்காலியில். முரண்பாடு தலைகீழாகிறது, குமட்டல் அப்படியே இருக்கிறது. சுற்றல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இவை சாதாரண ரைடை விடவும் மோசமாகப் படலாம். குமட்டல் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டால் பெரும்பாலும் குறையும்.

பயண வாந்திக்கான மாத்திரைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் புறப்படும் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பயனில்லை. தூக்கமும் வரும். பிள்ளையின் வயது, எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

ரைடு வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையையும் படியுங்கள். இதய நோய், வலிப்பு, கழுத்து, முதுகுப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏறக் கூடாது என்று அதில் இருக்கும். சும்மா எழுதி வைத்ததல்ல அது. பெரிய ரோலர் கோஸ்டர் பலவற்றில் சில விநாடிகளுக்கு நம் எடையைப் போல 3, 4 மடங்கு விசை உடம்பின் மீது விழுகிறது. ஓடினால், படியேறினால் மயக்கம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று பிள்ளை முன்பே சொல்லியிருந்தால், தீம் பார்க்குக்கு முன்னால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஒரே ரைடு, வேறு வேறு இருக்கை

ஊசலாடும் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் இந்த ரைடில் இரு முனைகளில் இருப்பவர்கள்தான் அதிக உயரம் போவார்கள், வயிறு காலியாகும் உணர்வும் அவர்களுக்கே அதிகம். நடு வரிசையில் அது வெகுவாகக் குறைவு. 'கப்பல்ல ஏறி பயந்துட்டேன்' என்று சொல்லும் பலர் முதல்முறை கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள். ரோலர் கோஸ்டரிலும் ஏறக்குறைய அப்படித்தான்: உச்சியைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி வேகமாக இழுத்து வீசப்படும், நடுப்பெட்டிகள் ஓரளவு சாதுவானவை. ராட்சத ராட்டினத்தில் உயரம் உண்டு, வேகம் இல்லை. சுற்றல் மட்டும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை அதில் நிம்மதியாக ஏறலாம்.

தண்ணீரிலும் வித்தியாசம் பார்க்க வேண்டும். மூடிய குழாய்ச் சறுக்கு வேறு, வானம் தெரியும் திறந்த சறுக்கு வேறு. தனியாகப் படுத்துக்கொண்டு இறங்குவதும், நான்கு பேர் ஒரே ரப்பர் மிதவையில் உட்கார்ந்து இறங்குவதும் ஒன்றல்ல. அலைக்குளமும், மிதவையில் மெல்ல மிதந்து போகும் ஓடையும் பெரும்பாலும் எல்லாருக்கும் பொருந்தும். மத்தியானம் 12 மணிக்கு மேல் வெயிலில் எப்படியும் எல்லாரும் தண்ணீருக்குத்தான் வரப்போகிறார்கள். குடும்பம் ஒன்றாக இருக்கும் நேரமாக அதை வைத்துக்கொள்ளலாம். நீர் விளையாட்டுகளுக்குப் பல பூங்காக்களில் தனி நேரம் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வயதினருக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான சாதுவான ரைடுகள் பலவற்றில் உயரத்துக்கு மேல்வரம்பு உண்டு. 160 செ.மீ. வளர்ந்துவிட்ட 15 வயதுப் பிள்ளையை அதில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் பிள்ளை வெட்கப்படும். பெரியவர்களுக்கானது வேண்டாம், சின்னவர்களுக்கானது கிடையாது. நடுவில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் பூங்காவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வொண்டர்லா போன்றவை இணையதளத்தில் ரைடுகளை அதிவிறுவிறுப்பு, நீர், குழந்தைகள் என்று வகை பிரித்தே போடுகின்றன. இரண்டு மூன்று ரைடுகளின் வீடியோவை யூடியூபில் முதல் இருக்கையிலிருந்து எடுத்ததாகப் பார்த்து, பிள்ளையே 'இது ஓகே, இது வேணாம்' என்று முடிவு செய்யட்டும். எங்கே வளையும், எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் பிள்ளைகள் உண்டு.

'குடுத்த காசுக்கு ஏறு'

பெரும்பாலான பெரிய பூங்காக்களில் ஒரே டிக்கெட். எத்தனை ரைடு ஏறினாலும் அதே விலைதான், ஒன்றுமே ஏறாவிட்டாலும் அதே விலைதான். அதிலும் குழந்தைக் கட்டணம் பல இடங்களில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் முழு டிக்கெட்தான். வீட்டில் ஆறு பேரில் இரண்டு பேர் ரைடு ஏறப்போவதில்லை என்றால், அந்த இரண்டு டிக்கெட்டின் பணம் கண்ணை உறுத்தத்தான் செய்யும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல.

ஆனால் வாசலைத் தாண்டியதும் அந்தப் பணம் போனது போனதுதான். பிள்ளையை வற்புறுத்தி ஏற்றினால் அது திரும்பி வராது. கணக்கு போட வேண்டியது வீட்டிலேயே. இதற்கு நல்ல வழி, குழுவை இரண்டாகப் பிரிப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலை இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ரைடு பிரியர்கள் முட்டுக்காட்டில் உள்ள எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டுக்குப் போகட்டும். மற்றவர்கள் பக்கத்திலேயே தட்சிண சித்ராவில் பழைய செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் சுற்றிப் பார்க்கலாம், குயவர் சக்கரத்தில் கைவைத்துப் பார்க்கலாம். வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. முட்டுக்காடு படகுத் துறையும் அதே சாலையில்தான். ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபியின் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் தலைக்கு மேல் மீன்கள் நீந்தும் சுரங்கப்பாதை உண்டு. முட்டிவலிப் பாட்டியும் ரைடு வேண்டாத பேத்தியும் சேர்ந்து போக ஏற்ற இடம். (விஜிபியில் அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்ற கதையைப் பாட்டி சொல்லாமல் விடமாட்டார்.) தட்சிண சித்ராவுக்கு செவ்வாய், முதலைப் பண்ணைக்கு திங்கள் வழக்கமான விடுமுறை.

கோவைப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். அங்கிருந்தே கிளம்பும் நீலகிரி மலை ரயில், பல்சக்கரத்தில் குன்னூர் வரை மூச்சு வாங்கி ஏறும். முன்பதிவு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, விடுமுறைத் தேதி தெரிந்த அன்றே பார்த்துவிட வேண்டும்.

எல்லாரும் ஒரே பூங்காவுக்குத்தான் போவது என்றால், முதலில் லாக்கர் எடுங்கள். அது ஒன்றுதான் பெஞ்ச் வேலையை ஒழிக்கும். பைக்கு ஆள் தேவை இல்லை என்றதும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் கால் விடுதலை. நீண்ட வரிசைக்கு ஒரு குழு போகும்போது, மற்றவர்கள் மோதும் கார், ராட்டினம், விளையாட்டுக் கூடம் என்று வேறு பக்கம் போகலாம். மறுபடி சேரும் இடத்தையும் மணியையும் பேசி வையுங்கள். 'ராட்டினத்துக்குக் கீழ, 1 மணி' என்றால் போதும், செல்போன் லாக்கரில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. பெரியவர்களில் ஒருவர் முறை வைத்து ரைடு ஏறாதவர்களோடு இருக்க வேண்டும். எப்போதும் அம்மாவே இருப்பது முறை வைப்பதல்ல.

மாலையில் மனசு மாறினால்?

மாறும். நாள் முழுக்கக் கீழிருந்து பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்த நேரத்தில், 'ஒரு தடவை அந்தக் கப்பல்ல போய்ப் பாக்கட்டுமா?' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அப்போது கூடப் போக ஒருவர் போதும், பட்டாளம் வேண்டாம். நடு வரிசையாகப் பார்த்து உட்காருங்கள். வரிசையின் கடைசி நிமிடத்தில் 'வேணாம்' என்றாலும் விலகி வர வழி இருக்கும், ரைடு இயக்குபவரிடம் சொன்னால் போதும். அவர்களுக்கு இது தினமும் நடப்பது.

வீடியோ எடுக்க வேண்டாம். கண்ணை மூடிக் கத்தும் முகம் அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், மறுநாள் அத்தை வீட்டில் ஸ்டிக்கராக வரும். இறங்கி வந்ததும், 'இதுக்கா காலைல இருந்து இவ்ளோ அலப்பற?' என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காமல் ஆளுக்கொரு மசாலா பொரி வாங்கிக்கொண்டு லாக்கரைத் திறக்கப் போங்கள். ஈரத் துணி மாற்றும் இடத்தில் 6 மணிக்கு மேல் கூட்டம் தாங்காது.