பலூனுக்கு அளவெடுக்கும் கம்ப்யூட்டர்!

சட்டையின் அளவு தவறினால் பிரித்துத் தைக்கலாம். ஆகாயத்தில் பறக்கும் பலூனின் அளவு தவறினால்? உயிருக்கே ஆபத்து!

1783-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி பாரீஸ் நகரில், கயிறு கட்டாத பலூனில் 2 பேர் முதன்முதலாகப் பறந்தார்கள். அடியில் வைக்கோல் எரிந்தது. பொறி பட்டுத் துணியில் ஓட்டை விழுந்தது. ஈர ஸ்பஞ்சால் அணைத்துக்கொண்டே பறந்து, பத்திரமாக இறங்கினார்கள்!

இப்போது நைலான் பலூன், கேஸ் அடுப்பு. சூடான காற்று லேசானது. குளிர்ந்த காலையில், 2,200 கன மீட்டர் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால், பலூனின் எடையையும் சேர்த்து சுமார் 600 கிலோவைத் தூக்கும்!

துணி தட்டை, பலூன் உருண்டை. ஆரஞ்சுத் தோலை மேஜை மீது வைத்து அழுத்திப் பாருங்கள். கிழிந்துவிடும் அல்லவா? அதனால்தான் துணியைச் சுளை சுளையாக வெட்டித் தைக்கிறார்கள்.

ஒவ்வொரு சுளையும் எங்கே, எவ்வளவு வளைய வேண்டும்? எந்த இடத்தில் துணி அதிகமாக இழுபடும்? கம்ப்யூட்டர் கணக்கிட்டு, வெட்டும் அளவைப் படமாகப் போட்டுத் தருகிறது. அதனால் யானை வடிவப் பலூன்கூடப் பறக்கிறது!

கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். ஆனால், தையல் மிஷினில் உட்கார்ந்து தைப்பது மனிதர்தான். பறப்பவர்களின் உயிர் அந்தத் தையலில் இருக்கிறது!