கைத்தாளமும் சிம்பலும்

கைத்தாளம் என்பது ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும் இரண்டு உலோகத் தட்டுகளால் ஆன தாளக் கருவி. தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனத் தமிழ் மரபு பிரித்த இசைக்கருவிகளில் இது கஞ்சக் கருவி வகையைச் சேர்ந்தது. தாளம், ஜால்ரா, சிங்கி, பிரம்மதாளம் என அளவுக்கும் இடத்துக்கும் ஏற்பப் பல பெயர்களில் வழங்குகிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், கூத்தர்கள் எடுத்துச் செல்லும் கருவிகளோடு ‘பாண்டில்’ என்னும் பெயரில் இதையும் சேர்த்துச் சொல்கிறது. மேற்கத்திய டிரம்செட்டில் உள்ள சிம்பலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

பேச்சுவழக்கில் ‘ஜால்ரா போடுதல்’ என்றால் ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது என்று பொருள். கச்சேரியில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. தவிலோ மிருதங்கமோ கணக்கு வழக்குகளில் எவ்வளவு தூரம் போனாலும், திரும்பி வந்து சேர வேண்டிய இடத்தைக் காட்டி நிற்பது தாளமே.

உலோகம்

நல்ல தாளம் வெண்கலத்தால் ஆனது. இதில் செம்பு ஏறத்தாழ 78 முதல் 80 விழுக்காடும், வெள்ளீயம் 20 முதல் 22 விழுக்காடும் இருக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையிலும் தாளம் செய்வதுண்டு. விலை குறைவு, ஆனால் ஒலி விரைவில் அடங்கிவிடும்.

கோவை கணபதி வட்டாரத்து மாணவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். அங்குள்ள வார்ப்பாலைகளில் வார்க்கப்படும் சாம்பல்நிற வார்ப்பிரும்பைத் தட்டினால் மந்தமான ஒலியே வரும். அதனுள் இருக்கும் கிராஃபைட் இழைகள் அதிர்வை உள்வாங்கிக்கொள்வதே காரணம். இயந்திரங்களின் அடிப்பகுதியை வார்ப்பிரும்பில் செய்வதும் இந்தக் குணத்துக்காகத்தான். வெண்கலம் அதிர்வை எளிதில் விடாது. இயந்திரத்துக்கு வேண்டாத குணம் தாளத்துக்கு உயிர்.

வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்துக்கு ஒரு குறையும் உண்டு. மெதுவாக ஆறினால் அது கண்ணாடிபோல் உடையும் தன்மை பெறுகிறது. செந்நிறமாகக் காய்ச்சி உடனே தண்ணீரில் அமிழ்த்தினால் அந்தத் தன்மை குறைகிறது. நீலகிரியின் பழங்காலக் கல்லறைகளிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த வெண்கலக் கலங்கள், இவ்வகை உலோகத்தைக் கையாளும் திறன் தென்னாட்டில் மிகப் பழமையானது என்பதைக் காட்டுகின்றன.

தேர்ந்தெடுக்கும் முறை

தாளம் வாங்கும் கலைஞர் முதலில் பார்ப்பது தட்டின் கனம். ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளில் கனமானது உயர்ந்த சுருதியில், நெடுநேரம் ஒலிக்கும். மெல்லியது தாழ்ந்த சுருதியில் உடனே ஒலி எழுப்பி விரைவில் அடங்கும். அடுத்துப் பார்ப்பது இணை. இரு தட்டுகளும் ஒத்துப் பேச வேண்டும். பாடுபவரின் சுருதிக்கு முரணாக ஒலிக்கக் கூடாது. விளிம்பில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் ஒலியில் கரகரப்புத் தெரியும்.

இடத்துக்கு ஏற்பவும் தேர்வு மாறும். தெருவில் தவிலோடு போட்டியிட வேண்டிய தாளத்துக்குக் கனம் வேண்டும். பஜனைக்குச் சிறிய ஜால்ரா போதும். பரதநாட்டியத்தின் நட்டுவாங்கத் தாளத்தில் ஒரு தட்டு வெண்கலம், மற்றொன்று இரும்பு அல்லது எஃகு. இந்தக் கலப்பால் ஒலி நீளாமல் கணீரென்று தெறிக்கிறது. ஆடுபவரின் ஒவ்வொரு காலடியையும் பிரித்துக் காட்ட அந்தத் தெறிப்பு தேவை.

வாசிக்கும் முறை

இரு தட்டுகளையும் நேருக்கு நேர் சமமாக மோதினால் உள்ளே காற்று சிறைப்பட்டு ‘தப்’ என்ற ஒலியே வரும். ஒரு தட்டைச் சற்றுச் சாய்த்து, விளிம்பில் பட்டதும் விலக்க வேண்டும். இது திறந்த ஒலி. மோதிய பின் விலக்காமல் சேர்த்துப் பிடித்தால் மூடிய ஒலி. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளில் தட்டு எது, வீச்சு எது என்பதை இந்த இரண்டு ஒலிகளைக் கொண்டே கேட்பவருக்கு உணர்த்தலாம். கயிற்றை இறுக்கிப் பிடித்து விரல்கள் உலோகத்தில் பட்டால் நாதம் செத்துவிடும்.

கொங்கு நாட்டில்

கோயில் மங்கல இசையில் நாகசுரம், தவிலோடு தாளம் சேர்கிறது. மார்கழி பஜனையில் ஜால்ராவும், நையாண்டி மேளத்தில் தாளமும் ஒலிக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் அருகில் இருப்பதால் கோவைப் பகுதித் திருவிழாக்களுக்குச் செண்டை மேளக் குழுக்களும் வருவதுண்டு. அவற்றில் செண்டைக்காரர்களுக்குப் பின்னே வரிசையாக நிற்பவர்கள் வாசிப்பது இலத்தாளம் என்னும் கனத்த வெண்கலத் தாளம்.

டிரம்செட்டில் சிம்பல்

மெல்லிசைக் குழுக்களில் ஒரே கலைஞர் பல சிம்பல்களைக் கையாள்கிறார். காலால் மிதித்து மூடித் திறக்கும் ஹை-ஹாட் பெரும்பாலும் 14 அங்குலம். இதுவும் ஓர் இணைத் தாளமே. அழுத்தம் காட்டும் கிராஷ் 16 முதல் 18 அங்குலம். நடையைத் தொடரும் ரைடு 20 முதல் 22 அங்குலம். ரைடைக் குச்சியின் நுனியாலும் கிராஷைக் குச்சியின் தோள்பகுதியாலும் அடிப்பது வழக்கம். கிராஷின் விளிம்பை நேராகக் குத்தாமல் வழுக்கினாற்போல் அடிக்க வேண்டும். மேல்திருகை மிகவும் இறுக்கினால் சிம்பல் அசைய முடியாமல் விரிசல் விடும். உயர்தரச் சிம்பல்களிலும் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலமே பெரிதும் பயன்படுகிறது. புகழ்பெற்ற சில்ஜியான் நிறுவனம் 1623இல் இன்றைய இஸ்தான்புல்லில் தோன்றியது.

போற்றப்படும் கலைஞர்கள்

நட்டுவாங்கத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை, வழுவூர் இராமையா பிள்ளை ஆகியோர் பெயர்கள் நிலைத்தவை. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியும் இன்றும் அளவுகோல்களாகக் கருதப்படுகின்றனர். டிரம்ஸில் 1959இல் பிறந்த சிவமணி 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நோயல் கிராண்டும் அமெரிக்கக் கலைஞர் பில்லி கோபமும் அவருக்கு ஊக்கம் தந்தவர்கள். ஆனால் நாகசுரக் குழுவில் தாளம் போட்டவர்களின் பெயர்கள் இத்தகைய பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

இன்றைய நிலை

நாகசுரத்துக்குச் சுருதி தந்த ஒத்து என்னும் கருவியின் இடத்தைச் சுருதிப்பெட்டி பெருமளவு பிடித்துக்கொண்டது. தாளத்துக்கும் இன்று மின்னணுக் கருவிகள் உண்டு. தனியே பயிற்சி செய்ய அவை உதவும். ஆனால் மங்கல இசைக் குழுவில் தாளம் போடும் இடம் மாணவர்களின் பள்ளிக்கூடமாகவும் இருந்துவந்துள்ளது. குருவின் பக்கத்தில் மணிக்கணக்கில் தாளம் போட்டே பலர் லயம் கற்றார்கள். அந்த இடம் கருவிக்குப் போய்விட்டால், கற்கும் வழி ஒன்றும் அதோடு போய்விடும்.

அடுத்த முறை திருமண வீட்டில் மேளம் ஒலிக்கும்போது, சில நிமிடம் தவிலை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் எண்ணிக் கேட்டுப் பார்க்கலாம். தவில் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.