கன்ப்ளா உதிரிகள்: பெயரில்லாத பொட்டலத்துக்கு யார் பொறுப்பு?

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980 ஜூலையில் முதல் கன்டம் ரோபோ மாடலை 300 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து ரோபோவாகப் பொருத்தும் இந்தப் பொழுதுபோக்குக்குக் கன்ப்ளா என்று பெயர். தமிழ்நாட்டிலும் பலர் இணையத்தில் வரவழைத்துச் செய்கிறார்கள். இரண்டு மூன்று மாடல் முடித்ததும் மனம் கூடுதல் உதிரிகளைத் தேடும். உலோகத்தில் கடைந்த ராக்கெட் முனைகள், பித்தளைத் தகட்டில் ரசாயனத்தால் அரித்தெடுத்த ஃபோட்டோ எட்ச் துண்டுகள், ரெசின் கவசங்கள், நீரில் நனைத்து ஒட்டும் டீகால்கள், கண்ணில் ஒளிரும் எல்இடி விளக்கு, குட்டிக் காந்தங்கள்.

மாடல் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், வயது வரம்பு, எச்சரிக்கை எல்லாம் அச்சாகியிருக்கும். உதிரிகளில் பலவோ பெயரும் முகவரியும் இல்லாத ஜிப் கவரில் வருகின்றன. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெரியவர்களுக்கானது என்று சொல்லி விற்கப்படும் உதிரிக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை. ஆனால் அது வந்து சேர்வது தம்பி தங்கைகள் தவழும் வீட்டுக்குத்தான்.

இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது எல்இடிக்கான பட்டன் பேட்டரியை. குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் ஆபத்துதான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காந்தமும் இதே அளவு கொடியது. இரண்டு காந்தங்கள் உள்ளே போனால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலில் துளை போட்டுவிடும். காந்த உருண்டை விளையாட்டுப் பொருட்களுக்கு ஜப்பான் 2023 ஜூனில் சட்டக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

செய்பவருக்கும் ஆபத்து உண்டு. ரெசினை உலர்வாகத் தேய்த்தால் நுண்தூள் நுரையீரலுக்குள் போகும். நீர் தொட்டுத் தேய்ப்பதும் என்95 முகக்கவசம் அணிவதும் அவசியம். ஃபோட்டோ எட்ச் துண்டை வெட்டும்போது அது கண்ணுக்குத் தெறிக்கலாம், கண்ணாடி போடுங்கள். சூப்பர் க்ளூ பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும், ஆகவே பஞ்சாலோ பனியனாலோ துடைக்க வேண்டாம். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள்.

படைத்தவரின் உரிமையும் இதில் உண்டு. ஜப்பானின் வொண்டர் ஃபெஸ்டிவல் கண்காட்சியில், ரெசின் உருவங்களைத் தாமே வடித்து விற்கும் தனிநபர்களுக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் பதிப்புரிமை அனுமதி வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் உரிமையும் சிறு கலைஞரின் உழைப்பும் சேர்ந்து வாழ வழி செய்யும் அருமையான ஏற்பாடு அது. அப்படி ஒருவர் மாதக்கணக்கில் வடித்ததை அச்சு எடுத்து, மலிவு ரெசினில் வார்த்து விற்பது களவு. அந்தப் போலிகளில் குமிழியும் கோணலும் மலிந்திருக்கும். குறை சொல்லிக் கேட்க ஆளும் இருக்காது.

ஏமாந்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. இணையத்தில் விற்கும் இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டியாக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் வலுவான ஒரு பிரிவு உண்டு: குறையுள்ள பொருளால் கேடு நேர்ந்து, அதைத் தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பெயரில்லாத பொட்டலம் என்று கைகழுவ அவரால் முடியாது. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் வழக்கு நடத்துவது கடினம். கார்டில் பணம் கட்டியவர்கள் வங்கியிடம் உடனே ஆட்சேபம் எழுப்புவதே நடைமுறைக்கு உகந்தது.

எதற்கும் சான்று வேண்டும். பில், பொட்டலம், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பிரிக்கும்போது எடுத்த வீடியோ ஆகியவற்றை வைத்திருங்கள். முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.