வெடிப்பலா பூக்கும் காடு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைகளின் தென்மேற்கு விளிம்பில் அமைந்துள்ள சைலண்ட் வேலி என்னும் அமைதிப் பள்ளத்தாக்கு, 1914இல் சென்னை மாகாண அரசால் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1970களில் இதன் ஊடே ஓடும் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் திட்டத்துக்காக அணை கட்ட முயற்சி நடந்தபோது, அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கவிஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாயிற்று. மூழ்காமல் தப்பிய காட்டின் மதிப்பு, அங்குள்ள மரங்களின் எண்ணிக்கையில் இல்லை. அம்மரங்களும் விலங்குகளும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையில் இருக்கிறது.

இது ஆண்டின் எப்பருவத்திலும் இலை உதிர்ந்து வெறுமையாகாத பசுமைமாறாக் காடு. முப்பது மீட்டருக்கும் மேல் வளரும் மரங்களின் உச்சிகள் நெருங்கிக் கோத்து அமைக்கும் மேற்கூரையை விதானம் என்பர். இதன் முதன்மை மரங்களுள் ஒன்றான வெடிப்பலாவின் பூக்கள், கிளை நுனியில் அல்லாமல் தடித்த கிளைகளின் பட்டையிலேயே கொத்துக்கொத்தாக வெளிப்படுகின்றன. அவற்றுக்கு இதழ்கள் இல்லை, தேன் நிறைந்த சதைப்பற்றான குழல் மட்டுமே உண்டு. பிற கனிகள் அரிதாகும் ஆண்டின் முதல் மாதங்களில் இவை பூப்பதால், இரவில் பழந்தின்னி வௌவால்கள் தேனுக்காக வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்ல, பகலில் சிங்கவால் குரங்குகளும் மலை அணில்களும் பூக்களைத் தின்று பஞ்சகாலத்தைக் கடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கு, பின்னர் முள் அடர்ந்த காயையும் பிளந்து விதையை உண்கிறது. அது பெரும்பாலும் தரையிறங்காமல் கிளைவழியே நடமாடுவதால், விதானம் அறுபடும் இடத்தில் அதன் உலகமும் அறுபடுகிறது.

முதிர்ந்த மரம் உளுத்துப்போவதும் இக்காட்டுக்குத் தேவையான நிகழ்வே. பெரிய இருவாச்சிப் பறவையால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்து நடுத்தண்டை அரித்து உண்டாக்கிய பொந்தையே அது தேடுகிறது. பெண் பறவை அதனுள் புகுந்து, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு, தன் எச்சத்தால் வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது. பல வாரங்கள் ஆண் பறவை அத்திப் பழங்களையும் பிற கனிகளையும் கொண்டுவந்து ஊட்டுகிறது. அது விழுங்கிய கனிகளின் விதைகள் தாய்மரத்திலிருந்து வெகுதொலைவில் விழுகின்றன. விறகுக்கும் ஆகாதென்று உள்ளே உளுத்த ஒரு மரத்தை அகற்றினால், ஓர் இருவாச்சிக் குடும்பத்தின் வீட்டையும் பல மரங்களின் விதை பரவும் வழியையும் ஒருங்கே அகற்றியதாகும்.

பெருமரம் சாயும்போது விதானத்தில் திறப்பு ஏற்பட்டு வெயில் தரையைத் தொடுகிறது. வட்டக்கண்ணி போன்ற வெயில் விரும்பி மரங்கள் உடனே முளைத்து விரைவாக வளர்கின்றன. நிழலில் பல ஆண்டுகள் சிறுத்தே காத்திருந்த கன்றுகளும் அப்போதுதான் நிமிர்கின்றன. காலப்போக்கில் முன்னவை மடிய, பின்னவை விதானத்தை மூடுகின்றன.

இத்தகைய காட்டை வெட்டிவிட்டு மீண்டும் நட்டுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் நிறைவேறாததற்கு விதையே காரணம். நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்கக்கூடியவை அல்ல வெடிப்பலா உள்ளிட்ட பல மழைக்காட்டு மரங்களின் விதைகள். ஈரம் வற்றினால் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். ஆகவே அவற்றுக்கு நிற்கும் காடே விதைக்கிடங்கு. அதனை உள்ளபடியே விட்டுவைப்பதே இங்குப் பாதுகாப்பு என்பதன் பொருள்.