தொடித்தலை விழுத்தண்டினார்

தொடித்தலை விழுத்தண்டினார் சங்க காலப் புலவர். இவர் பாடியதாகக் கிடைப்பது புறநானூற்றின் 243-ஆம் பாடல் ஒன்றே. தடியூன்றி நிற்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குவதாக அது அமைந்துள்ளது.

பெயர்

புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. பாடலில் முதியவர் ஊன்றியிருக்கும் கோலைக் குறிக்கும் தொடரே அவருக்குப் பெயராக நிலைத்தது. 'தொடி' என்பது இங்குத் தடியின் தலைப்பகுதியில் இடப்பட்ட பூண். 'விழுத்தண்டு' என்பது பருத்த, சிறந்த கோல். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோரும் இவ்வாறே தம் பாடலில் வரும் தொடரால் பெயர் பெற்றவர்கள்.

பாடல்

பாடல் 14 அடிகள் கொண்ட ஆசிரியப்பா. 'இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது' என்ற பொருளில் தொடங்கி, உடனே ஆற்றங்கரைக்குச் செல்கிறது. அங்கே மணலில் பாவை செய்து, பறித்த பூவை அதற்குச் சூட்டுகிறார்கள். குளிர்ந்த நீரில் விளையாடும் பெண்களோடு கைகோத்து, அவர்கள் தழுவும்போது தழுவியும் அசையும்போது அசைந்தும் ஆடுகிறார்கள். ஒளிவுமறைவு அறியாத, கபடம் இல்லாத தோழர்கள் உடன் இருக்கிறார்கள். துறையில் நிற்கும் மருத மரத்தின் கிளைகள் நீரை ஒட்டித் தாழ்ந்திருக்கின்றன. அக்கிளையில் ஏறி, கரையில் நிற்போர் மருள, அலைத்துளிகள் தெறிக்க, ஆழமான மடுவில் 'துடும்' எனக் குதிக்கிறான் சிறுவன். மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். ஆழத்தைத் தொட்டதற்கு அந்த மணலே சான்று. கிணற்றிலும் ஆற்றிலும் குதிக்கும் கிராமத்துச் சிறுவர்கள் அடிமண்ணை எடுத்துக் காட்டுவது நம் காலத்திலும் உண்டு.

இந்த இளமையைப் புலவர் 'கல்லா இளமை' என்கிறார். கற்பிக்கப்படாத, உலகியல் படியாத பருவம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அதன்பின் கேள்வி வருகிறது: அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ? அது எப்போது போயிற்று என்று முதியவர் கேட்கவில்லை, இடத்தையே கேட்கிறார். வேறெங்கோ அது இன்னும் இருக்கக்கூடும் என்பதைப் போல இருக்கிறது அந்தக் கேள்வி.

ஏறத்தாழ ஒன்பது அடிகள் இளமைக்குச் செல்ல, முதுமைக்கு இறுதி மூன்று அடிகளே கிடைக்கின்றன. ஊன்றிய கோல், நடுக்கம், இருமலுக்கு இடையே வரும் சில சொற்கள். அதற்குமேல் முதுமை பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் சில சொற்களே பேச முடிகிறவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் நீரையும் மரத்தையும் பற்றிப் பேசும்போது எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் பேசிவிடுகிறார். பாடலின் உயிர் இந்த முரணில் இருக்கிறது.

இளமைக்கும் முதுமைக்கும் இடைப்பட்ட நீண்ட காலம் பாடலில் இடம்பெறவே இல்லை. மணம், மக்கள், தொழில், பொருள், போர் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஊரின் பெயரோ அரசனின் பெயரோ கூட இல்லை. முதியோர் தம் வாழ்வை நினைவுகூரும்போது ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே மிகுதியாக வருகின்றன என்று இன்றைய உளவியல் சொல்கிறது. இப்பாடலின் முதியவருக்கோ அந்தக் காலத்திலும் ஒரு நீர்த்துறை மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

துறை

பாடலின் திணை பொதுவியல், துறை கையறுநிலை. கையறுநிலை என்பது பெரும்பாலும் இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்தும் பாடல்களுக்குரிய துறை. முந்தைய 242-ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனின் மறைவுக்கு வருந்துகிறார். 245-ஆம் பாடலில் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தும் தான் உயிரோடு இருப்பதை எண்ணிக் கலங்குகிறான். இவற்றுக்கு நடுவே நிற்கும் 243-ஆம் பாடலில் இறந்தவர் என்று யாரும் இல்லை. இழப்புக்கு உரியவரும் அழுபவரும் ஒருவரே. ஒருவருடைய இளமையை மாண்டுபோன மனிதருக்கு நிகராக வைத்தது இந்தத் துறைப் பகுப்பு.

பிற முதுமைப் பாடல்கள்

புறநானூற்றில் முதுமையைப் பேசும் வேறு பாடல்களும் உள்ளன. ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாததற்குப் பிசிராந்தையார் 191-ஆம் பாடலில் காரணம் சொல்கிறார்: நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், தீமை செய்யாத அரசன், சான்றோர் வாழும் ஊர். 195-ஆம் பாடலில் நரிவெரூஉத்தலையார், மீன் முள்ளைப் போல் நரைத்த முதியவர்களை நோக்கி, நல்லது செய்ய இயலாவிட்டாலும் அல்லதைச் செய்யாதிருங்கள் என்கிறார். முன்னதில் நிறைவும் பின்னதில் அறிவுரையும் இருக்கின்றன. தொடித்தலை விழுத்தண்டினாரிடம் இரண்டும் இல்லை.

பதிப்பு

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பழைய உரையுடன் பதிப்பித்தார். அவ்வுரை முதல் 266 பாடல்களுக்குக் கிடைத்திருப்பதால் இப்பாடலும் அதில் அடங்கும். ஜார்ஜ் எல். ஹார்ட், ஹாங்க் ஹைஃபெட்ஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட புறநானூற்று ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இப்பாடல் உள்ளது.